மும்பை தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தில், ஒரே சந்தில் அண்ணனுக்கு இலவச வீடு, மாடியில் இருக்கும் தம்பிக்கு இல்லையாமே, ஏன்?

அதைத் தீர்மானிப்பது பில்டர் இல்லை, அரசு போடும் தேதியும், தரைத்தளமா மாடியா என்பதும். இலவச வீட்டுக்கு முதலில் 1-1-1995-க்கு முன்பே குடிசை இருந்திருக்க வேண்டும் என்றார்கள். 2014-ல் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தி அதை 1-1-2000 ஆக்கியது. அதன்பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்கள் பணம் கட்டித்தான் வாங்கவேண்டும். தாராவித் திட்டத்தில் அதுவும் தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்பவர்களுக்கு வெளியே வாடகை வீடு. தம்பி சிக்குவது இங்கேதான்.

1995-ல் வந்த எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) முறையில் அரசு கஜானாவிலிருந்து பெரிதாக எதுவும் போவதில்லை. பில்டர் குடிசைக்காரர்களுக்குச் சும்மா கட்டித் தருவார், பதிலுக்குக் கூடுதலாகக் கட்டி வெளியே விற்றுக்கொள்வார். நிலத்துக்கு விலை இருக்கும் இடத்தில்தான் இது ஓடும். பெரிய அலுவலகங்கள் நிறைந்த பாந்த்ரா-குர்லா வளாகத்தை ஒட்டிய தாராவிமேல் எல்லோருக்கும் கண் இருப்பது அதனால்தான். என்னைக் கேட்டால், அரசே கட்டும் மலிவு வாடகை வீடுகள் போதாததுதான் மும்பையில் பெரிய குறை.

திருநெல்வேலியிலிருந்து வந்த நம்மாட்கள் பலரிடம் பழைய ரேஷன் கார்டு, லைட் பில் இருக்கும். எப்போதிலிருந்து குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அவைதான் சான்று. ஊருக்குப் போகும்போது அங்கேயே வைத்துவிட்டு வராதீர்கள்.