பல் செட் வீடியோக்கள்: கேள்வி பதில்

கேள்வி (கீழக்கரை): டாக்டர், வாப்பாவோட பல் செட்டுல கறை படிஞ்சிருக்கு. பிளீச்சுல ராத்திரி முழுக்க ஊறப் போடுங்கன்னு ஒரு வீடியோ சொல்லுது. போடலாமா?

பதில்: வேண்டாம். முதல்ல செட்டைத் திருப்பிப் பாருங்க. கம்பியோ உலோகத் தகடோ இருந்தா பிளீச்சே ஆகாது, கோபால்ட் குரோமியம் தகடு புள்ளி புள்ளியா அரிக்கும். உள்ளே மெத்தென்ற பூச்சு இருந்தாலும் தொடாதீங்க. முழுக்க அக்ரிலிக் பிளாஸ்டிக்னா மட்டும், வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 20 மில்லி, தண்ணீர் 180 மில்லி. கடிகாரம் பார்த்துப் பத்தே நிமிஷம், அப்புறம் ஓடுற தண்ணியில நல்லா அலசணும். நேரம் கூடினா செட்டோட ஈறு நிறம் வெளுத்துடும்.

பிளீச்சுக்குக் காறை, அதாவது கல் மாதிரி படியுறது, கரையாது. நம்ம கரையோர போர் தண்ணியில கழுவுற செட்டுல வெள்ளையா, கெட்டியா படியுறது சுண்ணாம்பு உப்பு. அதுக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சம அளவு, அரை மணி நேரம், பிறகு மென்மையான பிரஷ். வினிகரையும் பிளீச்சையும் ஒண்ணாக் கலக்காதீங்க, குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும்.

கேள்வி (பாம்பன்): தினமும் பேஸ்ட் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது. பேஸ்ட்ல இருக்குற பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறல்ல காளான் கிருமி தங்கும். பாத்திரம் கழுவுற திரவ சோப்பு ஒரு சொட்டு போதும். கீழே தண்ணி நிறைஞ்ச பேசின் வச்சுக்கிட்டுக் கழுவுங்க. சிமெண்ட் தரையில விழுந்தா உடையும்.

கேள்வி (தேவிபட்டினம்): உப்பும் கரித்தூளும்?

பதில்: பாம்பன்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

கேள்வி (தொண்டி): கொதிநீர்ல போட்டா கிருமி சாகுமே?

பதில்: செட்டும் வளைஞ்சு வாய்க்குப் பொருந்தாமப் போகும்.

கேள்வி (ஏர்வாடி): கீழக்கரைக்காரர் சொல்ற வீடியோவை லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க, பேசுறவரும் டாக்டர்தான். எங்க அத்தா ஆறு மாசமா அப்படித்தான் ஊறப் போடுறாங்க, ஒண்ணும் ஆகலையே?

பதில்: செட்டை ஈரம் போகத் துடைச்சு, உடனே வெளிச்சத்துல பாருங்க. சொரசொரப்பும் வெளுப்பும் ஈரத்துல தெரியாது. பார்த்தவங்க எண்ணிக்கையை விடுங்க, பேசுறவர் பட்டத்தையும் விடுங்க. எந்தப் பொருளால செஞ்ச செட்டு, எத்தனை சதவீதக் கரைசல், எத்தனை நிமிஷம், இந்த மூணையும் சொன்னாரா? சொல்லலைன்னா அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதீங்க.

கேள்வி (ஏர்வாடி): மூணும் சொல்லலை. ஆனா பளபளன்னு இருக்கே!

பதில்: பளபளப்பு சுத்தம் இல்லை. அத்தாவைச் செட்டைக் கழற்றச் சொல்லி மேல் அண்ணத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. செட்டு படுற இடம் மட்டும் சிவந்திருந்தா அது பூஞ்சைத் தொற்றா இருக்க வாய்ப்பு அதிகம், ராத்திரியும் மாட்டிக்கிட்டே தூங்குறவங்களுக்கு வரும். ராத்திரி கழற்றி நல்ல தண்ணியில போடணும்; காயவிட்டா வடிவம் மாறும். சிவப்பு இருந்தா வீட்டு வைத்தியம் வேண்டாம், ராமநாதபுரத்துல பல் மருத்துவரிடம் செட்டோட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி (மண்டபம்): உடைஞ்ச செட்டை உடனே ஒட்டுற பசையால ஒட்டலாமா? வீடியோல ஒட்டிக் காட்டுறாங்க.

பதில்: ஒட்டாதீங்க. பசை காய்ஞ்ச விளிம்புல ரெண்டு துண்டும் சரியா சேராது, லேப்ல பழுது பார்க்கவும் முடியாமப் போகலாம். சின்னத் துண்டு உட்பட எல்லாத்தையும் ஈரத்துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க.

கேள்வி (உச்சிப்புளி): டாக்டர், பேஸ்ட் போடலாமா?

பதில்: கூடாது. மேலே இருக்கு.