கொழும்பு எச்.ஆர். அனுபவம் ரொறன்ரோவில் எடுபடுமா?

தங்கச்சி, கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் எச்.ஆர். (மனிதவள) மனேஜராக இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இங்கே அந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், சான்றிதழ் எடுத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். பிரம்ப்டன், மிசிசாகா பக்கத்துக் கிடங்குகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் இதே வேலை பார்த்து வருகிறவள் என்ற அளவில் சொல்கிறேன்.

சான்றிதழ் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஒன்ராறியோவில் எச்.ஆர்.பி.ஏ. என்ற தொழில்சார் அமைப்பு சி.எச்.ஆர்.பி., சி.எச்.ஆர்.எல்., சி.எச்.ஆர்.ஈ. என்று மூன்று பட்டங்கள் கொடுக்கிறது. 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெயர்களுக்குத்தான் காவல். அவை இல்லாமலும் எச்.ஆர். வேலை செய்யலாம். ஆனால் விண்ணப்பங்களை வடிகட்டும்போது அந்த எழுத்துகளைத் தேடுகிறார்கள். அதனால் எடுங்கள். தொழிலாளர் சட்டப் பாடத்தை மட்டும் பரீட்சைக்காகப் படிக்காதீர்கள், அதுதான் நாளாந்தச் சோறு.

காரணம் இது. இலங்கையில் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். நீங்கள் அதற்குப் பழகியவர். இங்கே அனுமதி கேட்க ஆளில்லை. பாகுபாடோ பழிவாங்கலோ இல்லாதவரை காரணம் சொல்லாமலே நிறுத்தலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும்: முன்னறிவித்தல், அல்லது அந்தக் காலத்துக்கான சம்பளம். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச முன்னறிவித்தல் 8 வாரத்தோடு நின்றுவிடும். அதைப் பார்த்து மனேஜர்மார் மலிவு என்று நினைப்பார்கள். நிறுத்தப்பட்டவர் வழக்கறிஞரிடம் போனால், 1960 இல் வந்த பார்டல் என்ற வழக்கின் தீர்ப்பின்படி வயது, சேவைக்காலம், பதவி, அதுபோன்ற வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு எல்லாவற்றையும் பார்த்து அந்தக் காலத்தைக் கணிப்பார்கள். வேலை ஒப்பந்தம் சரியாக எழுதப்படாவிட்டால் வாரக்கணக்கு மாதக்கணக்காகிவிடும். "நாளைக்கே அனுப்பிவிடு" என்று கத்தும் ஆலை மனேஜரிடம் இதை அமைதியாகச் சொல்லித் தடுக்கத் தெரிய வேண்டும். சம்பளம் தருகிறவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது எங்கள் ஆக்களுக்குக் கஷ்டம். ஆனால் அதற்காகத்தான் அந்தக் கதிரை.

சட்டம் தெரிந்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். தலைமைப் பொறுப்புக்குப் போகிறவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது, ஆட்களின் பிரச்சினையை நிறுவனத்தின் கணக்காக மாற்றிக் காட்டும் திறமை. நான் இருந்த ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் ஆள் நிற்கவே மாட்டாது. "இந்த ஆக்கள் சோம்பேறிகள், மணிக்கு ஒரு டொலர் கூட்டிக் கொடுப்போம்" என்பது மேலிடத்தின் பேச்சு. எங்கள் எச்.ஆர். டைரக்டர் விலகினவர்களின் பட்டியலை ஷிப்ட் வாரியாகவும் மேற்பார்வையாளர் வாரியாகவும் பிரித்தார். போனவர்களில் பலர் சின்னப் பிள்ளை உள்ளவர்கள். ஞாயிறு தொடங்கும் ஷிப்ட் அட்டவணை வெள்ளி பின்னேரம்தான் ஒட்டப்படும், அதற்குள் பிள்ளை பார்க்க ஆள் எங்கே பிடிப்பது? அவர் இரக்கம் பேசவில்லை. ஓவர்டைம் செலவு, தற்காலிக ஆள் தரும் ஏஜென்சிக்குக் கட்டிய காசு, புது ஆள் பிழையாக அனுப்பிய பொதிகள் மூன்றையும் ஒரே தாளில் வைத்தார். அட்டவணை இரண்டு வாரம் முந்திப் போடப்பட்டது. ஆட்கள் நின்றார்கள், சம்பளம் கூட்டவே தேவைப்படவில்லை. வெசாக் அலங்காரம், வருடக் கடைசி பார்ட்டி எல்லாம் நல்லதுதான், ஆனால் அவற்றை வைத்து இங்கே யாரும் உங்களை எடைபோட மாட்டார்கள்.

இன்னொன்று, காயப்பட்டோ நோயுற்றோ திரும்பி வருகிறவரின் விஷயம். முதுகு பிடித்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரை "முழுசாகச் சுகமானால் வா" என்று வீட்டில் இருத்த முடியாது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை என்று நிரூபிக்கும் எல்லைவரை, அவருக்கேற்ப வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்கிறது மனித உரிமைச் சட்டம். காயக் காப்புறுதியான டபிள்யூ.எஸ்.ஐ.பி. கட்டணமும் கோரல்களைப் பார்த்து ஏறும். அதோடு 2016 முதல், தொந்தரவு முறைப்பாடு வந்தால் உரிய விசாரணை நடத்தி, முடிவை இரு தரப்புக்கும் எழுத்தில் கொடுக்க வேண்டும். "கதைத்துத் தீர்த்தாச்சு" என்பது செல்லாது.

உங்களுக்குச் சாதகமானது ஒன்று: 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது, சம்பள வீச்சையும் போட வேண்டும். நேர்முகத்தில் சாடைமாடையாகக் கேட்பார்கள், அது வேறு கதை.

டைரக்டர் பதவி உடனே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். எச்.ஆர். ஜெனரலிஸ்ட், அதாவது எல்லா எச்.ஆர். வேலையும் கலந்து பார்க்கும் ஆள், என்ற வேலைக்குப் போடுங்கள், உற்பத்தி நடக்கும் இடமாகப் பாருங்கள். தொழிற்சாலைத் தளம் தெரிந்த எச்.ஆர். ஆள் இங்கே குறைவு. ரெஸ்யூமேயில் படம், பிறந்த திகதி, கல்யாண விபரம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "நலன்புரி நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்" என்ற வரியையும் வெட்டுங்கள். அந்த இடத்தில் எத்தனை பேருக்குப் பொறுப்பாக இருந்தீர்கள், வருடத்துக்கு எத்தனை பேர் விலகினார்கள், நீங்கள் வந்தபின் அது எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். பழைய இடத்தில் கேட்டு அந்த எண்களை இப்போதே எடுத்து வையுங்கள், கொஞ்ச நாள் போனால் தரமாட்டார்கள்.