வாசகர் கேள்வி–பதில்: கட்டட வேலையும் பள்ளிப் படிப்பும்

கேள்வி: என் கணவர் கொத்தனார். பத்தாம் வகுப்பில் தேறிய எங்கள் மகன், இனிப் படிப்பு வேண்டாம், அப்பாவிடமே கையாளாகச் சேர்ந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறேன் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், களக்காடு

பதில்: அம்மா, தங்கள் மகனுக்குத் தொழிலில் பிடிப்பு இருப்பது நல்லதே, அதைக் குறையாக எண்ண வேண்டாம். கையாளாகச் சேர்கிறவன் கலவை சுமந்து, செங்கல் எடுத்துக் கொடுத்து, கொத்தனாரின் கையைப் பார்த்தே கரண்டி பிடிக்கப் பழகுகிறான். அந்தப் பழக்கத்துக்கு எந்த வகுப்பறையும் ஈடாகாது. ஆனால் கலவையில் தண்ணீர் கூடினால் வலு ஏன் குறைகிறது, பூச்சு ஏன் வெடிக்கிறது, சாம்பல் கலந்த சிமெண்டில் போட்ட கான்கிரீட் மெதுவாக இறுகுவதால் அதற்கு 7 நாளோடு நிறுத்தாமல் 10 நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்பதையெல்லாம் வேலை மும்முரத்தில் யாரும் நின்று விளக்குவதில்லை. வரைபடம் படிக்கத் தெரியாதவர், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும், வாழ்நாள் முழுவதும் இன்னொருவர் அளவு சொல்வதற்காகக் காத்து நிற்கிறார். தங்கள் கணவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 18 வயது நிறையாதவரைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் உறுப்பினராகப் பதிவு செய்வதில்லை. சாரத்திலிருந்து தவறி விழுந்தால் வாரிய உறுப்பினருக்குரிய விபத்து உதவி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காது.

அவன் விரும்பும் தொழிலையே படிக்க இரண்டு வழிகள் உள்ளன. மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில், 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்த காலந்தொட்டே, தொழிற்கல்விப் பாடப்பிரிவுகள் உள்ளன; கட்டடப் பொறியியலின் அடிப்படையும் அவற்றுள் ஒன்று. மற்றொன்று ஐ.டி.ஐ. எனப்படும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். கொத்தனார், பிளம்பர் பயிற்சிகள் ஓராண்டு. எலக்ட்ரீஷியன், கட்டட வரைவாளர் பயிற்சிகள் ஈராண்டு. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பேட்டை, அம்பாசமுத்திரம் நிலையங்களில் இவ்வாண்டு எந்தப் பிரிவுகளில் இடமுள்ளது என்பதை மகனையும் அழைத்துச் சென்று நேரில் கேளுங்கள். ஈராண்டுப் பயிற்சியை முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால், படிப்பு இதோடு நின்றுபோகும் என்று தாங்கள் அஞ்சத் தேவையில்லை. தங்கள் கணவர் வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளையின் ஐ.டி.ஐ. படிப்புக்கு அங்கும் கல்வி உதவி கோரலாம்.

கேள்வி: கட்டட வரைவாளர் பயிற்சியில் பெண்கள் சேரலாமா?
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சேரன்மகாதேவி

பதில்: தாராளமாகச் சேரலாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் வழங்கும் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் பொருந்தும். சித்தாளாக மண்ணும் கல்லும் சுமப்பதற்கு மட்டும் பெண்களைக் கூப்பிடுகிற வழக்கம் நம் பக்கத்தில் மாற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல். வரைபடம் போடும் மேசையிலும் அவர்கள் அமர வேண்டும்.

கேள்வி: எங்கள் உயர்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி இல்லை. கணித ஆசிரியரான நான் கட்டடத் தொழிலை ஓரளவேனும் அறிமுகப்படுத்த முடியுமா?
— ஆசிரியர், வள்ளியூர்

பதில்: ஐயா, தங்கள் பாடத்திலேயே அதற்கு வாசல் இருக்கிறது. வானம் எனப்படும் அடித்தளக் குழி தோண்டுமுன், மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார், கயிற்றில் ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று சரிபார்ப்பார். பிதாகரஸ் தேற்றத்தைப் பள்ளி மைதானத்தில் கயிறும் முளையும் கொண்டு இப்படியே நடத்தலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89 கிலோ; ஆகவே 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 10.7 கிலோ அளவில் இருக்க வேண்டும். கடையில் எடை குறைந்தால் கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே இது போதும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 1.25 கன அடி என்று தெரிந்தால், ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு எம் சாண்ட் என்ற கலவைக்கு எத்தனை கன அடி மணல் தேவை என்பதும் அவர்களே போடும் கணக்காகிவிடும்.

இவற்றோடு, ஊரிலுள்ள தேர்ந்த கொத்தனார் ஒருவரை ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். சிமெண்டுக்குப் பதில் களிமண் குழைத்துப் பிள்ளைகளை ஒரு சிறு சுவர் கட்டச் செய்து, கிடைமட்டம் பார்க்க ரசமட்டமும் செங்குத்துப் பார்க்கத் தூக்குக்குண்டும் வைத்து அவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிரித்துக் கழுவி வைத்தால், அதே செங்கல் அடுத்த வகுப்புக்கும் உதவும்.