கட்டிலுக்கு அடியில் ஒரு பை

கேள்வி: எனக்கு 48 வயது. பள்ளி ஆசிரியை. அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. இந்த வருடம் ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் வீட்டு வாசலில் அப்பா மஞ்சள் பையோடு நிற்கிறார். "உள்ளே வாங்கப்பா" என்று கூப்பிடுகிறேன். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறார். நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். ஜோசியர் சொன்னபடி ராமேஸ்வரம் போய், 22 தீர்த்தமும் ஆடி, தில ஹோமமும் செய்துவிட்டு வந்தோம். அப்புறமும் வந்தது. கனவு என்பது ஆழ்மனம் அனுப்பும் செய்தி என்று படித்தேன். அப்படியானால் மஞ்சள் பைக்கு என்ன அர்த்தம்? செருப்புக்கு என்ன அர்த்தம்? விடியற்காலையில் வருவதால் பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு என்ன குறை வைத்தேன்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி. நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்.)

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கையில் பென்சில் இருந்தது. கோடு போட்ட இடம் கனவைப் பற்றியது அல்ல. மூன்றாம் பக்கத்தின் அடியில், மகன் பிளஸ் டூ படிப்பதையும் வீட்டில் இடம் போதாததையும் சொல்லிக்கொண்டு வரும்போது, போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "அம்மா வரும் மாதம் மகனின் அறையில்தான் படுக்கை. கொண்டுவந்த பையைப் பிரிக்கவே மாட்டார். கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேண்டிய புடவையை அதிலிருந்து உருவிக்கொள்வார். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, பிடிவாதம்."

கனவில் வந்த பையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதன் நிறம், காது நைந்திருந்தது, எந்தக் கையில் பிடித்திருந்தார் என்பது வரை. உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நிஜமாகவே இருக்கும் பைக்கு மூன்றே வரி, கடைசியில் ஒரு குற்றச்சாட்டு. பயப்பட ஒன்றுமில்லை, அப்பா நல்லபடியாக இருக்கிறார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப் போவதில்லை.

முதலில் அந்த நாட்களைப் பார்ப்போம். கனவு வந்த தேதிகளைக் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறீர்கள்: ஜனவரி 29, ஏப்ரல் 28, ஜூலை 30. அமாவாசையோடு ஒத்துப் பார்த்தீர்களாம், பொருந்தவில்லையாம். வேறொன்றோடு ஒத்துப் பாருங்கள். ஊர் வீட்டை விற்ற பிறகு அம்மா ஓசூரில் அண்ணன் வீட்டில் ஒரு மாதம், மதுரையில் தம்பி வீட்டில் ஒரு மாதம், உங்களிடம் ஒரு மாதம் என்று சுற்றி வருகிறார். ஒன்றாம் தேதியானால் இடம் மாறுவார். இந்த ஆகஸ்டில் ஓசூரில் இருக்கிறார் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். விரல் விட்டு எண்ணினேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை மூன்றும் அம்மா உங்களோடு இருந்த மாதங்கள். மூன்று தடவையும் அவர் கிளம்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது உங்கள் அப்பா பையோடு வந்து வாசலில் நின்றிருக்கிறார். இதை எழுதியது உங்கள் கைதான். எழுதும்போதுகூட உங்களுக்குத் தெரியவில்லையா?

தெரிந்திருக்கிறது. பகலில் தெரியாதது போல இருந்துவிட முடிகிறது. ராத்திரியில் முடியவில்லை. நீங்கள் கேட்ட ஆழ்மனம் இதுதான்.

கனவுகளைப் பற்றி இந்தக் காலத்தில் முதலில் பெரிதாக எழுதியவர் வியன்னாவில் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்ட். அவருடைய அப்பா 1896 அக்டோபரில் இறந்துபோனார். அடக்கத்தைச் சிக்கனமாக, எளிமையாக நடத்திவிட்டார் என்று வீட்டில் சிலருக்கு மனத்தாங்கல். துக்க வீட்டுக்கும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார், முடிதிருத்தும் கடையில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அந்த நாட்களில் அவருக்கு ஒரு கனவு. ரயில் நிலையத்தில் புகைபிடிக்கக் கூடாது என்று எழுதி மாட்டியிருப்பார்களே, அது போல ஓர் அறிவிப்பு. அதில், 'கண்களை மூடவும்' என்று இருந்தது. 'ஒரு கண்ணை மூடவும்' என்றும் படிக்கலாம் போலிருந்தது. இறந்தவரின் கண்ணை மூடிவிடுவது பிள்ளையின் கடமை. ஒரு கண்ணை மூடிக்கொள்வதோ அவர்கள் பேச்சில், குறையைக் கண்டும் காணாமல் விட்டுவிடச் சொல்லிக் கேட்பது. தன் கடமையில் விழுந்த குறைதான் அந்தப் பலகையில் எழுதியிருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்பாவின் ஆவி வந்து கேட்டது என்று சொல்லவில்லை. கேட்டது தன் மனசே என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார், உங்களுக்கு அதுதான் முக்கியம். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்று பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால் கனவு பிடிபடாது. கனவைத் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கனவு கண்டவருக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்க வேண்டும். முந்தின பகலின் ஏதோ ஒரு துணுக்கு அதற்குள் இருக்கும், பெரும்பாலும் நாம் சட்டை செய்யாமல் தாண்டிப் போன துணுக்கு. அதனால் மஞ்சள் பைக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். மஞ்சள் பைக்கு அர்த்தம் கிடையாது. ஜூலை 29ஆம் தேதி மாலை அந்த அறைக்குள் நீங்கள் எதற்காகப் போனீர்கள், கட்டில் பக்கம் என்ன கண்ணில் பட்டது என்று உங்களையே கேளுங்கள். அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாரா? நீங்கள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்களா?

எல்லாக் கனவும் கடிதம் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். தூங்கும் மூளை தன்பாட்டில் கிளப்பிவிடும் அலையை வைத்து மனசு ஏதோ கதை கட்டுகிறது, அவ்வளவுதான் என்று 1977ல் ஹார்வர்டைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் வாதாடினார்கள். நாலு இட்லி அதிகம் சாப்பிட்ட இரவின் கனவுக்கெல்லாம் நான் உரை எழுத மாட்டேன். ஆனால் ஒரே கனவு, ஒரே ஆள், ஒரே பை, மாதக் கடைசி என்று மூன்று தடவை வந்தால் அதைக் காதில் வாங்க வேண்டும். விடியற்காலைப் பயம் வேண்டாம். தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் கட்டம் ஒன்று இருப்பதை 1953ல் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. விடிய விடிய அது நீண்டுகொண்டே போகும், அதிலிருந்தே விழித்துக்கொள்வதால் கனவும் ஞாபகத்தில் நிற்கும். பலிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி அந்தப் பை.

என் பெரியம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். பெரியப்பா போன பிறகு அவரும் இப்படித்தான் நான்கு வீட்டுக்கும் சுற்றினார். ஒரு சமயம் என்னிடம் ஒரு வாரம் இருந்தார். அவர் குளிக்கப் போயிருந்தபோது பையிலிருந்து புடவை எடுத்துத் தரச் சொன்னார். மேலே இரண்டு புடவை, மடிப்பு பழுத்துக் கோடு விழுந்தவை. மாத்திரை அட்டை, விபூதிப் பொட்டலம், துண்டில் சுற்றிய பெரியப்பா படம். அடியில் ஒரு கொடிக்கயிறு, சுருட்டிக் கட்டியது. இரண்டு ஆணி. நான்கு கிளிப்பு. "இது எதுக்குப் பெரியம்மா?" என்றேன். "யார் வீட்டுக் கொடியிலயும் இடம் கேக்க வேண்டாம் பாரு" என்றார். கோபமோ வருத்தமோ இல்லை, கடையில் உப்பு விலை சொல்வது போலச் சொன்னார். ஐம்பது வருடம் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்ட மனுஷி, ஈரப்புடவை காயப்போட இரண்டு முழ இடம் கேட்கக் கூசிக் கயிற்றைச் சுமந்துகொண்டு திரிந்தார். அன்றைக்கு நான் எதுவும் செய்யவில்லை. சாதம் வடிக்கப் போய்விட்டேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

உங்கள் அம்மா பையைப் பிரிக்காதது பிடிவாதம் அல்ல. எங்கே பிரிப்பார்? அந்த அறையில் பீரோ இருக்கிறது, அதில் மகனின் துணியும் புத்தகமும் நிறைந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "பையைப் பிரிங்கம்மா" என்று வாயால் சொன்னீர்கள், ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தீர்களா? முப்பது நாளில் திரும்பக் கட்ட வேண்டிய மூட்டையை எதற்கு அவிழ்ப்பது என்று அவர் நினைக்கிறார். சத்திரத்தில் தங்குகிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்பவரை உங்கள் கனவு சரியாகத்தான் காட்டியிருக்கிறது, ஆளைத்தான் மாற்றியிருக்கிறது. ஏன் மாற்றியது என்றால், அம்மாவாக வந்திருந்தால் நீங்கள் காலையில் எழுந்து காபி போட்டு மறந்திருப்பீர்கள். அப்பாவாக வந்ததால்தானே ராமேஸ்வரம் வரை போனீர்கள்.

"வீடு விற்ற பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம், அதே மாதிரி அம்மாவையும் ஆளுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்கிறோம், யாருக்கும் மனக்குறை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் என்றால் எந்த மூன்று பேருக்கு? சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989ல் சட்டம் வந்தபோது மனசார மகிழ்ந்தவள் நான். பெற்றோரைக் காக்கும் கடமையில் மகனைப் போல மகளையும் சேர்த்த 2007ஆம் வருடச் சட்டமும் சரியானதே. பங்கு வாங்கிக்கொண்டு பொறுப்பை அண்ணன் தலையில் கட்டாமல் நீங்களும் ஏற்றுக்கொண்டது நல்ல காரியம். ஆனால் பணத்தை மூன்றாகப் பிரிக்கலாம், 76 வயது மனுஷியைப் பிரிக்க முடியாது. வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை பஸ் ஏற வைத்துவிட்டு அதை நியாயம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. இது பிள்ளைகளுக்குள் நியாயம். தாய்க்கு அநியாயம்.

நான்கு பக்கத்தில் அப்பா பேசுகிறார், ஜோசியர் பேசுகிறார், அண்ணி பேசுகிறார். அம்மா சொன்னதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன்.

ராமேஸ்வரம் போனதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்குத் திதி கொடுங்கள், விடாமல் கொடுங்கள். ஆனால் கனவுக்குப் பரிகாரம் என்று தீர்த்தம் ஆடப் போவதைப் பற்றி நம் இலக்கியத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கெட்ட கனவு கண்டு தேவந்தியிடம் சொல்கிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு கூடலாம் என்கிறாள் தேவந்தி. அது பெருமை அல்ல என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. கொஞ்ச நேரத்தில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான், அவளுக்குச் செய்ய வேண்டிய வேலை அங்கே இருக்கிறது. உங்களுக்கும் வேலை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

அக்டோபர் ஒன்றாம் தேதி அம்மா உங்களிடம் வருவார். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. மகனின் பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்யுங்கள், குனியவும் எக்கவும் தேவையில்லாத நடுத்தட்டு. மகனையே செய்யச் சொல்லுங்கள், பாட்டிக்காக இடம் ஒதுக்க அவனும் பழகட்டும், பிளஸ் டூ அதனால் கெட்டுவிடாது. தட்டில் நியூஸ்பேப்பர் விரித்து வையுங்கள். அப்பா படம் மாட்ட அவர் கண் படும் இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள். பையைப் பிரிக்கச் சொல்லி மறுபடி வற்புறுத்தாதீர்கள், நீங்களாக எடுத்து அடுக்கவும் வேண்டாம். அந்தத் தட்டு அவருடையது என்று மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாதம் முடிந்து அவர் போனாலும் அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது. காலியாகவே கிடக்கட்டும்.

அதற்கு முன்பே, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூருக்குப் போன் செய்யுங்கள். அண்ணியிடம் விசாரித்துவிட்டு வைத்துவிடாமல் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "உனக்கு எங்கேம்மா இருக்கணும்னு இருக்கு?" என்று கேளுங்கள். "எங்க இருந்தா என்னம்மா" என்பார். மூன்றாவது தடவை கேட்கும் வரை அப்படித்தான் சொல்வார். ஓர் இடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அண்ணனையும் தம்பியையும் உட்கார வைத்துப் பேச வேண்டியது நீங்கள்தான், கனவு உங்களுக்குத்தான் வந்தது. மற்ற இரண்டு பேரும் மாதாமாதம் போய்ப் பார்க்கட்டும், செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும். பஸ் ஏறுவது பிள்ளைகளாக இருக்கட்டும்.

கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். கனவைப் பற்றி இனி ஒரு வரியும் வேண்டாம். அம்மா என்ன சொன்னார் என்பதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.