இலங்கையில் மரண தண்டனை: சட்டத்தில் உண்டு, நடைமுறையில் இல்லை (கேள்வி பதில்)

கேள்வி (வவுனியா): ஐயா, இலங்கையில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டுவிட்டதா? ஆனால் பத்திரிகைகளில் இன்னும் தீர்ப்புகள் வந்துகொண்டிருக்கின்றனவே?

பதில்: ஒழிக்கப்படவில்லை. கொலைக்கு இன்றும் அதுதான் தண்டனை. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே விதிக்கலாம். கடைசித் தூக்கு 1976 ஜூன் 23இல் நடந்தது. அதன்பின் நீதிமன்றங்கள் தண்டனை விதிக்கின்றன, யாரும் நிறைவேற்றுவதில்லை.

கேள்வி (மட்டக்களப்பு): பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஒழித்தார் என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பதில்: ஒழிக்கவில்லை, இடைநிறுத்தினார். 1958இல், சோதனை முறையில் மூன்று ஆண்டுகளுக்கு. அந்த மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 1959 செப்டெம்பரில் அவரையே சுட்டுக் கொன்றார்கள். சில வாரங்களிலேயே அடுத்து வந்த அரசு தூக்கை மீண்டும் கொண்டுவந்தது. பழைய கொலைகளுக்கும் பொருந்தும்படி அவசரமாகச் சட்டம் எழுதியவர்கள், கொலைச் சதியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். விளைவைப் பாருங்கள்: சதியின் மூளை என்று தீர்ப்பளிக்கப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கும் ஜயவர்தன என்ற கூட்டாளிக்கும் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை, சுட்ட சோமராம தேரருக்கு மட்டும் 1962 ஜூலை 6இல் வெலிக்கடையில் தூக்கு. தூக்குக்கு முன் அவர் கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். தூக்கை நிறுத்திவைத்த மனிதரின் கொலைக்காகவே தூக்கு திரும்பி வந்தது.

கேள்வி (கொழும்பு): 1976க்குப் பிறகு எந்தச் சட்டம் அதை நிறுத்தியது?

பதில்: எந்தச் சட்டமும் இல்லை. தண்டனை விதித்த நீதிபதி அறிக்கை அனுப்ப வேண்டும், சட்டமா அதிபரும் நீதி அமைச்சரும் கருத்துச் சொல்ல வேண்டும், கடைசியில் ஜனாதிபதி கையெழுத்திட வேண்டும். 2019 வரை வந்த ஜனாதிபதிகள் அந்தக் கையெழுத்தைப் போடவில்லை. அவ்வளவுதான். 2019இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மரண தண்டனைக் கைதிகளாகச் சிறையில் இருந்தார்கள், மேன்முறையீடு செய்தவர்களையும் சேர்த்து.

கேள்வி (கண்டி): அலுகோசு (தூக்கிலிடுபவர்) வேலைக்கு விளம்பரம் வந்ததே, அது என்ன ஆயிற்று?

பதில்: அது 2019, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலம். பிலிப்பீன்ஸ் போய் அங்கே நடந்த போதைப்பொருள் வேட்டையைப் புகழ்ந்துவிட்டு வந்தவர், நான்கு போதைப்பொருள் கைதிகளைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். (அந்தப் பிலிப்பீன்ஸே 2006இல் மரண தண்டனையை ஒழித்துவிட்டது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.) வேலைக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அதே சிறிசேன, பதவி முடியும் தறுவாயில், ரோயல் பார்க் கொலை வழக்கில் (கொழும்பு அடுக்குமாடி ஒன்றில் இளம்பெண் கொல்லப்பட்ட வழக்கு) மரண தண்டனை பெற்றவருக்குப் பொது மன்னிப்பு அளித்தார். அதை 2024இல் உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது.

கேள்வி (யாழ்ப்பாணம்): மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற இராணுவ வீரரைத் தூக்கிலிட்டிருந்தால், 2020இல் அவருக்கு மன்னிப்பே கிடைத்திருக்காதே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தூக்குக்கும் மன்னிப்புக்கும் கையெழுத்திடுவது ஒரே கை. அந்தக் கை யாருக்கு இரங்கும், யாருக்கு இரங்காது என்று தமிழர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உயர் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகிவிடும். தூக்குமரம் இயங்கியிருந்தால் முதலில் ஏறியிருப்பவர்கள் யார்? மிருசுவில் குற்றத்தில் நாம் கேட்க வேண்டியது, அந்த மன்னிப்பு சட்டப்படி செல்லுமா என்பதைத்தான்.

கேள்வி (திருகோணமலை): இனித் தூக்கு வராது என்று நம்பலாமா?

பதில்: 2022இல், தான் கையெழுத்திடப்போவதில்லை என்று அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க சட்டமா அதிபர் மூலம் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். நல்லது. ஆனால் அது ஒருவருடைய வாக்கு. அவருக்குப் பின் வருபவர்களை அது கட்டாது. நாடாளுமன்றம் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தும் வரை நான் நம்பமாட்டேன்.