சுகர் இருக்குற பூனைக்கு பல்லு புடுங்கிட்டு வந்துருக்கோம், சரியா சாப்பிட மாட்டேங்குது, இன்சுலின் போடலாமா?

நேத்து ஆபரேஷன், இன்னைக்கு காலைல ரெண்டு நக்கு நக்கிட்டு போய் படுத்துருச்சு, ஊசி நேரம் வந்துருச்சு, என்ன பண்றதுன்னு கேட்டுருக்கீங்க. மொதல்ல அவசர பதில். எப்பவும் போடுற முழு டோஸ போடாதீங்க. காதுல குத்தி சுகர் பாருங்க, ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு போன் போட்டு அந்த நம்பரயும் எவ்ளோ சாப்டுச்சுங்கறதயும் சொல்லுங்க, அவர் சொல்ற அளவு மட்டும் போடுங்க. ஒரு வேளை ஊசி விட்டுப்போனா சுகர் கொஞ்சம் ஏறும், அத அப்புறம் பாத்துக்கலாம், ஆனா வெறும் வயித்துல போட்ட ஊசிய திருப்பி எடுக்க முடியாது. இத படிச்சுட்டு போன எடுங்க, மிச்சத்த பொறுமையா படிக்கலாம்.

நான் டாக்டர் இல்ல. மதுரைல அம்மாவோட இருக்கேன், எங்க வீட்டுல சீனின்னு ஒரு கடுவன் பூனை, வெள்ள வெளேர்னு இருந்துச்சுன்னு குட்டில வச்ச பேரு. பத்து வயசுல அதுக்கு சுகர்னு டாக்டர் சொன்னப்ப எங்கம்மா "உனக்கு வேற பேரே கெடைக்கலையாடா"ன்னு கேட்டுச்சு. அம்மாவுக்கும் சுகர், அதுவும் இன்சுலின். ஆக ஒரே ஃப்ரிட்ஜ்ல ரெண்டு பேரோட மருந்து. இது பின்னாடி ஒரு பெரிய வம்பு ஆகப் போகுது, சொல்றேன்.

சீனிக்கு லான்டஸ்ங்குற இன்சுலின் 3 யூனிட் காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் போட்டும் 350, 400க்கு கீழ வரவே இல்ல. வாய்ல நாத்தம், சாப்பிடும்போது தலைய ஒரு பக்கம் சாச்சு சாச்சு மெல்லும், அத நான் ஸ்டைல்னு நெனச்சுட்டு இருந்தேன். எக்ஸ்ரே எடுத்து பாத்தா பல்லு வேரோட கரைஞ்சுகிட்டு இருக்கு, ஈறு பூரா புண்ணு. பூனைக்கு மொத்தம் 30 பல்லு, அதுல 9 போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். இத யாராவது எனக்கு முன்னாடியே அழுத்திச் சொல்லிருந்தா நான் ஒரு மத்தியானம் செத்துப் பொழைச்சிருக்க வேண்டாம். வாய்ல சீழு, புண்ணு, வலின்னு இருக்குறப்ப ஒடம்பு இன்சுலின் பேச்சையே கேக்காது, அதனால டோஸ் ஏத்திக்கிட்டே போயிருப்போம். கல்யாண வீட்ல மைக்செட் அலறும்போது பக்கத்துல இருக்கவர்கிட்ட கூட கத்தித்தான் பேசணும்ல, அந்த மாதிரி. ஆபரேஷன்ல கெட்ட பல்ல எடுத்ததும் மைக்செட் நின்னு போச்சு, நாம இன்னும் அதே சத்தத்துல கத்திக்கிட்டு இருந்தா? பழைய டோஸ் இப்ப அதிக டோஸ். எல்லா பூனைக்கும் இப்படி ஆகும்னு இல்ல, ஆகுறப்பவும் மறுநாளே ஆகாது, சில நாள்ல மெதுவா இறங்கும், சிலதுக்கு வாரக்கணக்குல இறங்கும். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுச்சுன்னு நாம அசந்து இருக்குற நேரம் பாத்துத்தான் அது இறங்கும்.

எங்க வீட்ல ஆறாவது நாள். காலைல 7 மணிக்கு பாத்தா 170. எங்க டாக்டர் 200க்கு கீழ இருந்தா ஊசி போடாம எனக்கு போன் பண்ணுன்னு தெளிவா சொல்லிருந்தாரு. பண்ணேன், எடுக்கல, எனக்கு ஆபீஸ் போகணும், நல்லா சாப்டுருச்சே, பழைய 3 இல்லாம 2 யூனிட் தானேன்னு போட்டுட்டு கெளம்பிட்டேன், முழுக்க என் தப்பு. மத்தியானம் ஒரு மணிக்கு அம்மா போன் பண்ணி பூனை ஒரு மாதிரி நடக்குதுடா, பின்னங்கால் ரெண்டும் சாராயம் குடிச்ச மாதிரி போகுதுங்குது. நான் வலி மருந்து மயக்கமா இருக்கும்மான்னு சொல்லிட்டேன். ஏன்னா வலிக்கு கபாபென்டின் குடுத்துருந்தாங்க, அது குடுத்தா பூனை தள்ளாடும். கால் மணி நேரம் கழிச்சு அம்மாவே தன்னோட சுகர் பாக்குற மிஷின்ல குத்திப் பாத்து 47ன்னு சொல்லுச்சு. நான் பைக்ல பறந்து வந்தேன். அதுக்குள்ள அம்மா தேன தொட்டு கன்னத்துக்கு உள்பக்கம் தடவி, வேக வச்ச கோழிய கைலயே ஊட்டிருச்சு. பதினஞ்சு நிமிஷத்துல 68, அப்புறம் 90, அப்புறம் ஆட்டோ புடிச்சு டாக்டர்ட்ட ஓடி அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்துருந்தோம். அன்னையிலேருந்து 1 யூனிட்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, தள்ளாட்டம், கண்ணு பாப்பா பெருசாகுறது, சோர்ந்து படுக்குறது இதெல்லாம் வலி மருந்தாலயும் வரும், சுகர் இறங்குனாலயும் வரும். வெளிய இருந்து பாத்து வித்தியாசம் கண்டுபுடிக்க முடியாது, அதனால எது மாதிரி தெரிஞ்சாலும் மொதல்ல மிஷின். ரெண்டாவது, தேன தையல் போட்ட பக்கம் தேய்க்காதீங்க, அடுத்த பக்கம் கன்னத்துல, இல்ல ஒதட்டுக்கு உள்ள தடவுங்க. தேன் இல்லைன்னா குளுக்கோஸ் பவுடர குழைச்சுக்கலாம், சீனித் தண்ணி கூட போதும். வலிப்பு வந்துருச்சுன்னா வாய்க்குள்ள எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும், தடவ முடிஞ்ச அளவு தடவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

சுகர் பாக்குறது பெரிய வித்தை இல்ல. மனுசங்க வீட்ல வச்சுக்குற மிஷினே போதும், பூனை ரத்தத்துக்கு அது உண்மைய விட கொஞ்சம் கம்மியா காட்டும், ஆனாலும் 60 காட்டுனா இறங்கிருச்சுன்னே வச்சுக்கங்க, இந்த விஷயத்துல பயந்தாங்கொள்ளியா இருக்குறது நல்லது. வெந்நீர்ல துணிய நனைச்சுப் பிழிஞ்சு காத ஒரு நிமிஷம் சூடு பண்ணுங்க, காது ஓரத்துல ஒரு நரம்பு ஓடும், அதுக்கும் விளிம்புக்கும் நடுவுல குத்துங்க, பின்னாடி பஞ்சு வச்சுக்கங்க, இல்லைன்னா உங்க விரல்ல குத்தும் (குத்திருக்கு). கடுகு அளவு ரத்தம் வந்தா போதும். க்ளினிக்ல எடுக்குற நம்பர மட்டும் நம்பாதீங்க, பூனைக்கு பயத்துலயே சுகர் எகிறும். வீட்ல அது பாட்டுக்கு படுத்துருக்கும்போது எடுக்குறதுதான் கணக்கு.

இப்ப அந்த வம்பு. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டாவது நாள் ராத்திரி, தூக்கம் இல்ல, ஃப்ரிட்ஜ திறந்து கைக்கு வந்த சிரிஞ்ச எடுத்து லான்டஸ உறிஞ்சி நிக்கிறேன். அம்மா பின்னாடி இருந்து "டேய் அது என் ஊசிடா, சிவப்பு மூடி"ங்குது. எனக்கு அப்பவும் உரைக்கல, ஊசி ஊசிதானேங்குறேன். அம்மா போடுறது 30/70 கலவை இன்சுலின், ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்குற பாட்டில், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. லான்டஸ் மில்லிக்கு 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடில ஒரு கோடு அளவு லான்டஸ் எடுத்தா உண்மைல உள்ள இருக்குறது 2.5 யூனிட். நான் ஒன்றரைன்னு நெனச்சு எடுத்தது கிட்டத்தட்ட நாலு யூனிட், அதுவும் சரியா சாப்பிடாத பூனைக்கு. அம்மா அன்னைக்கு தூங்கிருந்தா இந்த பதில நான் எழுதிட்டு இருக்க மாட்டேன். மறுநாளே ரெண்டு டப்பா வாங்கி தனித்தனி தட்டுல வச்சு சீனி டப்பா மேல மார்க்கர்ல பூனை படம் வரைஞ்சேன். உங்க வீட்ல பெரியவங்க யாராவது இன்சுலின் போடுறவங்களா இருந்தா இத மொதல் வேலையா பண்ணுங்க. மெடிக்கல்ல வாங்கும்போதும் மூடி கலர பாத்து வாங்குங்க, பூனைக்குன்னு சொன்னா பாதி பேர் சிரிச்சுக்கிட்டே கைக்கு வந்தத குடுப்பாங்க. நாய்க்கும் பூனைக்கும்னே வர்ற கேனின்சுலின் போடுறவங்களுக்கு நேர் எதிர், அது 40 யூனிட், அதுக்கு சிவப்புதான் சரி.

சாப்பாடு. மொத மூணு நாளைக்கு எது எறங்குதோ அதுதான் நல்ல சாப்பாடு, கார்போ எவ்ளோ, டயட் எப்படின்னு பாத்துக்கிட்டு பட்டினி போடாதீங்க. எலும்பு இல்லாத கோழிய உப்பு போடாம வேக வச்சு, வேக வச்ச தண்ணியோடயே மிக்சில கூழா அடிச்சு, கை பொறுக்குற வெதுவெதுப்புல வைங்க. சூடா இருந்தாத்தான் வாசனை வரும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வச்சா மோந்து பாத்துட்டு போயிரும். சீனி மொத நாள் கூழ தொடல, கோழி வேக வச்ச தண்ணிய மட்டும் நக்குச்சு, அத ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவ வச்சோம். வெங்காயம் பூண்டு எந்த ரூபத்துலயும் ஆகாது, நம்ம கறிக்குழம்புல இருந்து கழுவி எடுத்த துண்டு கூட வேண்டாம். பாக்கெட் கிரேவி குடுக்கலாம், ஆனா நிறையதுல கெட்டியாகுறதுக்கு மாவு போட்டுருப்பாங்க, தேறுனப்புறம் மாத்திக்கங்க. பத்து நாள், ரெண்டு வாரத்துக்கு உலர் தீனி வேண்டாம். பல்லு இல்லாம காலம் பூரா எப்படி சாப்பிடும்னு கவலையே படாதீங்க, பூனை பாதிய மெல்லாமத்தான் முழுங்குது.

எங்கம்மா பாவப்பட்டு ரெண்டாவது வாரம் எனக்கு தெரியாம பால்சோறு வச்சுருச்சு. சாயங்காலம் 330. நான் டோஸ் பத்தலையோன்னு டாக்டருக்கு போன் போட்டு, அவரும் குழம்பி, கடைசில தட்டுல ஒட்டிருந்த பருக்கைய பாத்துத்தான் கண்டுபுடிச்சேன். வீட்ல எல்லார்ட்டயும் சொல்லி வைங்க.

ஊசி போடுற வரிசையும் கொஞ்சம் மாத்திக்கங்க. நாம வழக்கமா அது சாப்டுகிட்டு இருக்கும்போதே முதுகுத் தோல தூக்கி சொருகிருவோம். இப்ப அப்படி வேண்டாம், சுகர் பாத்து, சாப்பாடு வச்சு, தட்டு எவ்ளோ காலியாச்சுன்னு பாத்துட்டு அப்புறம் ஊசி. எங்க டாக்டர் சொன்ன கணக்கு, நம்பர் 200க்கு மேல இருந்து பாதி சாப்டா பாதி டோஸ், ஒண்ணுமே தொடலைன்னா போடாம போன். உங்க டாக்டர் கணக்கு வேறயா இருக்கலாம், அத இப்பவே கேட்டு எழுதி வாங்கிக்கங்க, ராத்திரி பதினோரு மணிக்கு கேக்க முடியாது.

ஆனா ஊசி போடாம சமாளிக்கிறதும் ஒரு வேளை ரெண்டு வேளைதான், நாள் கணக்கா விட முடியாது. ஒரு முழு நாள் ஒண்ணுமே சாப்பிடலைன்னா தூக்கிட்டு போயிருங்க. பூனை, அதுவும் குண்டுப் பூனை, ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா கொழுப்பு எல்லாம் ஈரல்ல போய் அடைச்சுக்கும், அது தனி கண்டம். இன்சுலின் இல்லாம இருந்தா ரத்தத்துல கீட்டோன்ங்குற அமிலம் ஏறும், வாந்தி, சுருண்டு படுக்குறது, மூச்சுல நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து வாசனை, இதுல எது வந்தாலும் காத்திருக்காதீங்க. ராத்திரில உங்க ஊர்ல யாரும் இல்லைன்னா எங்க போறதுன்னு முன்னாடியே விசாரிச்சு வைங்க. கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி சென்னைல வேப்பேரில இருக்கு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிலயும் இருக்கு, பக்கத்துல எதுன்னு பாத்து நேரத்த போன்ல கேட்டுக்கங்க.

மருந்துல ரெண்டே எச்சரிக்கை. வலிக்குதேன்னு டோலோ, க்ரோசின் எதுவும் குடுக்காதீங்க, பாராசிட்டமால் ஒரு துண்டு போதும் பூனைய கொல்ல. இன்னொண்ணு, அவசரத்துக்கு வேற டாக்டர்ட்ட போனா உள்ள நுழைஞ்சதுமே "சுகர் இருக்கு, ஸ்டீராய்டு வேண்டாம்"னு சொல்லிருங்க, அது சுகர ஏத்தி விட்டுரும்.

எச்சில்ல ரெண்டு நாள் லேசா ரத்தம் கலந்து வரும், பயப்படாதீங்க. சொட்டுச் சொட்டா வந்தாலோ, கண்ணுக்கு கீழ வீங்குனாலோ, ஒரு மூக்குல மட்டும் ஒழுகுனாலோ காட்டணும். தையல் நூல் தொங்குனா இழுக்காதீங்க, தானா கரையும். வாய தொறந்து டார்ச் அடிச்சுப் பாக்குற ஆசைய அடக்கிக்கங்க. வாய்க்கு பதிலா மண்ணுப் பெட்டிய பாருங்க. சீனி ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு பெரிய பெரிய மூத்திர உருண்டையா ஆறேழு இடத்துல போயிருக்கும், பத்தாவது நாள் அது மூணா சின்னதா ஆயிருச்சு. சுகர் இறங்குறது மிஷினுக்கு அடுத்தபடியா அதுலதான் தெரியும்.

இப்ப ஏழு மாசம் ஆச்சு, இன்னும் ரெண்டு வேளையும் 1 யூனிட்ல ஓடுது. சிலதுக்கு ஊசியே தேவையில்லாம போயிருமாம், சீனிக்கு போகல. மீதி இருக்குற 21 பல்லும் நல்லா கூரா இருக்கு, போன வாரம் என் கட்டைவிரல்ல சோதிச்சுப் பாத்துச்சு.

நேரம், நம்பர், சாப்ட அளவு, டோஸ் எல்லாத்தயும் எழுதுங்க, ஞாபகத்துல வச்சுக்கலாம்னு விடாதீங்க. ஆனா அதுக்குன்னு ஒரு தனி நோட்டு வாங்கிக்கங்க. நாங்க அம்மா பால் கணக்கு எழுதுற மாசக் காலண்டர்லயே எழுதிட்டு இருந்தோம். அத போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்புனா அஞ்சு நிமிஷத்துல பதறிப்போய் கூப்புடுறாரு, "யாரு உங்கள தெனமும் காலைல அரை யூனிட் சேத்து போடச் சொன்னது?" அது அரை லிட்டர் பால்.