வெள்ளெழுத்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒரு தொண்டு அமைப்பு பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. வருபவர்கள் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கும் கைமடிப்பும் பார்ப்பவர்கள். நாற்பதைத் தாண்டியவர்களே அதிகம். ஒன்றரை ஷிப்ட் முடித்து, சமைத்து வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வருகிறார்கள். மாதம் 2000 ரூபாய் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

என் கணவர் வேறு சொல்கிறார். அதே பணத்தை ஒரு ஏழைக் குழந்தையின் படிப்புக்குக் கொடுத்தால் ஐம்பது ஆண்டுக்குப் பயன். ஐம்பது வயதில் ஒருவர் அ, ஆ படித்து என்ன செய்யப்போகிறார், இப்போது செல்போனே எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடுகிறதே என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அமைப்பின் அறிக்கையில், சென்ற ஆண்டு 60 பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் இருந்தவர். இதற்குப் பணம் கொடுப்பது வீணா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

வீணில்லை. கொடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பதற்காகக் கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு வரும் ஆண்டுக்காகக் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

1991இல் எனக்கு 22 வயது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வேகம் புதுக்கோட்டைக்கும் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது எங்கள் மாவட்ட ஆட்சியர். எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த இயக்கம் எங்களுடையது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஊர்ச் சாலைகளில் மிதித்துப் போனதை இன்றும் பேசுகிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட வகுப்பில் பதினெட்டுப் பெண்கள், எல்லோரும் கல் உடைப்பவர்கள். ஓர் அரிக்கேன் விளக்கு, பதினெட்டு சிலேட்டு. சம்மட்டி பிடித்த கை பல்பத்தைப் பிடித்தால் பல்பம் உடைந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு டப்பா தீர்ந்தது. அழுத்தாமல் எழுதுவது எப்படி என்பதுதான் அவர்கள் படித்த முதல் பாடம். ட, ப, ம எல்லாம் அதற்குப் பிறகு.

அவர்களில் ஓர் அக்கா இருந்தார். கூலிக் கணக்கை மனத்திலேயே போட்டு மேஸ்திரியை வாயடைக்க வைப்பவர். பலகையில் நான் பெரிதாக எழுதினால் படிப்பார். பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுவார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தன் மண்டையில் இது ஏறாது என்று சொல்லி நின்றுவிட்டார். நானும் நம்பிவிட்டேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இன்னொரு தொண்டர்தான் தன் அப்பாவின் கண்ணாடியைக் கொண்டுவந்து அவர் முகத்தில் மாட்டினார். அந்த அக்கா முதலில் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகைகள் அத்தனையும் தெரிந்தன. பிறகுதான் புத்தகம்.

வயதானால் கிட்டத்துப் பார்வை மங்குவதற்கு வெள்ளெழுத்து என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம்! எழுத்து வெளுத்துப்போவதை வைத்துத்தான் அந்த நோயையே கண்டுகொள்கிறோம். எழுத்தையே அறியாதவர் எதை வைத்துக் கண்டுகொள்வார்? ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை, வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் வகுப்பை விட்டு நின்றால், மூளையைக் குறை சொல்வதற்கு முன் கண்ணைப் பாருங்கள்.

இனி, நான் சொல்லவந்த இரண்டாம் ஆண்டு. அந்தக் காலத்து எழுத்தறிவுத் திட்டத்தில் மூன்று பாடப் புத்தகங்கள், ஏறத்தாழ 200 மணி நேரம் என்பது கணக்கு. கூலி வேலை, அறுவடை, திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் போக அந்த 200 மணி நேரம் சேர்வதற்கு ஓர் ஆண்டு ஆகிவிடும். அதன் முடிவில் என் மாணவிகள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கும். ஒரு நாள் அதே அக்காவோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பஸ் வந்தது. பலகையைப் பார்த்து 'பொ... ன்... ன... ம...' என்று கூட்டத் தொடங்கினார். முடிப்பதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவருக்கு வருத்தமே இல்லை. நாம் தவறவிட்டது பொன்னமராவதி பஸ் என்று எனக்குப் பெருமையாகச் சொன்னார்.

நானும் அன்று மகிழ்ந்தேன். அதில் இருந்த எச்சரிக்கை எனக்குப் புரியவில்லை. பஸ் நிற்கும் நேரத்துக்குள் பலகையைப் படிக்க முடியாவிட்டால் அந்தப் படிப்பு அன்றாடத்துக்கு உதவாது. உதவாததை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பயன்படுத்தாதது மறந்துபோகும். வேகம் வர வேண்டுமானால் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வீடுகளில் படிக்க என்ன இருந்தது? மூன்று பாடப் புத்தகங்களும் தினக்காலண்டரும். விழா எடுத்தோம், சான்றிதழ் கொடுத்தோம். எங்களில் பலர் வேலை கிடைத்துப் போய்விட்டோம். நானும்தான் போனேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு வங்கியில் அந்த அக்காவைப் பார்த்தேன். மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விரலைச் சேலையில் மறைத்துக்கொண்டார்.

அந்த மை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் '60 பேர் கையெழுத்துப் போட்டார்கள்' என்ற வரி எனக்குப் போதவில்லை. கையெழுத்து என்பது பலருக்கு மனப்பாடமான ஒரு கோலம். தன் பெயரை வரையத் தெரிந்தவருக்கு, தான் எதன் கீழே அதை வரைகிறோம் என்று படிக்கத் தெரியாவிட்டால், கைநாட்டை விடவும் அது ஆபத்து. நுண்கடன் பத்திரத்தில் கையெழுத்து இருந்தால், படித்துப் பார்த்துத்தானே போட்டாய் என்று கேட்பார்கள்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 86.77 சதவீதம், பெண்கள் 73.44 சதவீதம். நான்கு பெண்களில் ஒருவருக்கு மேல் எழுத்தறியாதவர். அவர்கள் யாரும் படிக்க மறுத்தவர்கள் இல்லை. தம்பியைத் தூக்கிக்கொள்ள, தீப்பெட்டி ஒட்ட, ஆடு மேய்க்க நிறுத்தப்பட்டவர்கள். அந்தக் குழந்தைகளுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக நாம் அவர்களுக்குப் பட்ட கடன் தள்ளுபடி ஆகிவிடாது. தாய் படித்தால் பிள்ளை படிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்காகத்தான் தாய் படிக்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். தனக்காக மட்டுமே ஒரு பெண் படிக்க விரும்பினாலும் அதற்குப் பணம் கொடுக்கலாம்.

என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் படித்துப் பேசிய பெண்கள், 1992இல் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, ஆந்திர அரசே 1993 அக்டோபரில் சாராயத்தைத் தடை செய்யும்படி ஆயிற்று. பாடம் எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

செல்போன் படித்துச் சொல்லும்தான். ஆனால் அதில் எதைத் தொட வேண்டும் என்பதற்கே எழுத்து வேண்டியிருக்கிறது. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வந்துவிட்டதா என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டும் பெண்கள், ஏடிஎம் எண்ணையும் அவனிடம் சொல்லிவிடுகிறார்கள். பையன் நல்லவனாக இருப்பது அவர்களுடைய அதிர்ஷ்டம். ஒருவருடைய சேமிப்பு அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது.

ஆகவே அந்த அமைப்பிடம் கேளுங்கள்: பாடப் புத்தகம் முடிந்த பெண்கள் அடுத்து என்ன படிக்கிறார்கள்? சொல்லிக்கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டா, இல்லை, என்னைப் போல வேலை கிடைத்ததும் போய்விடும் இளைஞரா? அதே லைன் வீட்டில் பத்தாவது படித்த பெண் ஒருவர் இருந்தால் அவருக்கு உங்கள் 2000 ரூபாய் போகட்டும். மொத்தமாகத் தருவதை விட, 24 மாதம் தவறாமல் தருவேன் என்று சொல்வது அவர்களுக்குப் பெரிய பலம். ஒரு நாளிதழுக்கும் சந்தா கட்டுங்கள். பஸ் பலகை, சம்பளச் சீட்டு, பிஎஃப் செய்தி, மருந்து அட்டை ஆகியவற்றை வகுப்பில் பாடமாக வைக்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டால் நல்ல அமைப்பு கோபித்துக்கொள்ளாது.

பணம் அனுப்புவதற்கு முன் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு நீங்களும் கணவரும் அந்த வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். போகும்போது கண்ணாடிக் கடையில் ஒன்றரை, இரண்டு, இரண்டரை பவரில் நான்கைந்து கண்ணாடிகள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்